பிரிட்ஜுக்கு ஒரு கவர்

சீட் கவர் கடைக்காரர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் இல்லாதவர். வண்டி வந்து நின்றால் அவர் பார்வை நேராக சீட்டுக்குப் போகும். பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டி வந்தவரின் சரித்திரத்தையே சொல்லிவிடுவார். "ஒரு பக்கமா சாஞ்சு உட்கார்ற ஆளு. பின் பாக்கெட்ல பர்ஸு வீங்கியிருக்கு. உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் துண்டுச் சீட்டுதான்." அந்த ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். கடைக்காரருக்கு அதனால் ஒரு சங்கடமும் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் அவர் உட்காரும் இடத்தை வைத்தே எடைபோட்டிருந்தார், ஒருவரும் தேறவில்லை.

இப்படி மனித குலத்தைப் பின்பக்கமாகவே அறிந்துவைத்திருந்த ஒருவர், தன் முன்பக்கத்தை உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்டதுதான் வினை. அந்த ஆசையின் பெயர் பேஸ் கிட்டார்.

இளவட்டமாக இருந்த காலத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் போய்ச் சேர்ந்தார். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலுதான் என்று தெரிந்ததும், வேலை அந்த அளவுக்குக் குறையும் என்று கணக்குப் போட்டு இதை எடுத்தார். கணக்கு தப்பவில்லை. கல்யாண வரவேற்புகளில் வாசித்தார், கட்சி விழாக்களில் வாசித்தார், பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் வாசித்தார். வாசித்தார் என்பது அவர் தரப்பு வாக்குமூலம். கேட்டேன் என்று சொல்ல இன்றுவரை ஒரு சாட்சி கிடைக்கவில்லை. வீடியோவிலாவது தெரிவாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு வீடியோவிலும் பாடகரின் முழங்கைக்குப் பின்னால் ஒரு காது தெரியும். "அதோ, அது நான்தான்" என்று அந்தக் காதைக் காட்டிச் சொந்தக்காரர்களிடம் பெருமைப்பட்டுக்கொள்வார். மற்ற வாத்தியக்காரர்களைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான்: ஒரு பயலுக்கும் தாளம் நிற்காது.

உண்மையில் நிற்காமல் போனது இவர் வாசிப்புதான். பேஸ் கம்பியைத் தட்டினால் அது தன் பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். தெரிந்தவர்கள் வலது உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கம் லேசாக ஊன்றி அதை அடக்குவார்கள். இவருக்கு அந்தப் பாடம் நடந்த அன்று கடையில் வேலை இருந்திருக்க வேண்டும். அதனால் பாட்டு முடிந்து, பாடகர் வணக்கம் சொல்லி, முன் வரிசை கை தட்டி ஓய்ந்த பிறகும், மேடையின் ஓரத்திலிருந்து ஒரு 'ம்ம்ம்ம்ம்' வந்துகொண்டிருக்கும். விருந்து முடிந்தும் எழுந்திருக்காத விருந்தாளி மாதிரி.

ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். இவரைவிட வயதில் இளையவர். அவர் தலைவரானதற்குக் காரணம் இசை ஞானம் அல்ல, வேன் அவருடையது. ஒருநாள் அந்த வேனின் பின்கதவு சாத்தப்பட்டபோது இவருடைய பழைய பேஸ் கிட்டாரின் கழுத்து இடையில் மாட்டி முறிந்துபோனது. அன்று மாலை நிகழ்ச்சியில் தலைவர் பேஸ் பகுதியைத் தன் இடது கையாலேயே கீபோர்டில் வாசித்துவிட்டார். கடைக்காரர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே ஓட்டை விழப்போகிறது என்று ஆவலோடு காத்திருந்தார். விழவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னிக்கு ஏதோ தெளிவா இருக்குல்ல?" என்று வேறு கேட்டுத்தொலைத்தார்.

அதன் பிறகுதான் தலைவர் அவரை வேனின் மறைவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வேன்ல ஒரு ஆளு குறைஞ்சா ஒரு ஸ்பீக்கர் கூட ஏத்தலாம்."

"என்னைய ஸ்பீக்கர் கூட எடைபோடறீங்களா, தலைவரே?"

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணா நின்னுடும் அண்ணே. நீங்க நிக்க மாட்டேங்கறீங்க." தலைவர் தன் இடது கையை உயர்த்தி ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினார். "அடுத்த ரிசப்ஷனுக்கு நல்ல கிட்டாரோட வாங்க. மத்தியானம் சவுண்ட் செக்ல ஒரே ஒரு பாட்டு. பாட்டு முடியறப்ப நீங்களும் முடிங்க. முடிச்சீங்கன்னா மேடை உங்களுக்கு. இல்லன்னா இந்தக் கை போதும்."

அந்த விரல்கள் ஆடியதை நினைத்தால் கடைக்காரருக்குத் தையல் மெஷினில் ஊசி இறங்கும் இடம் தெரியவில்லை. மேடை போனால் மிச்சம் இருப்பது கடை. கடையில் இருப்பது சீட்டு. சாகிறவரை ஊரார் உட்காரும் இடத்தைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

உடனே வேறு ஒரு பேஸ் கிட்டார் தேடினார். நில புரோக்கர் ஒருவர், ஒரு காலத்தில் தானும் வாசித்தவர், தன்னுடையதை விற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் நல்ல சாமான். கருஞ்சிவப்பு உடம்பு, நேரான கழுத்து. கடைக்காரர் குனிந்து, வழக்கம்போல் அதன் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜின் இரு பக்கமும் மரத்தில் இரண்டு வெற்று ஓட்டைகள், மூக்குத் துவாரம் மாதிரி அவரைப் பார்த்தன.

"இது என்ன?"

"அங்க ஒரு கவர் இருந்துச்சு சார். பிரிட்ஜ் கவர். ஸ்டீல் மூடி மாதிரி. வாங்கும்போது வரும், எல்லாரும் கழட்டிடுவாங்க."

"கழட்டிடுவாங்களா? கவரையா?"

"அது இருந்தா உள்ளங்கை வைக்க முடியாது சார். வாசிக்கத் தெரிஞ்சவன் எவன் வச்சிருப்பான்?"

"அந்தக் கவர் இப்ப எங்க?"

"ரொம்ப நாள் சிகரெட் சாம்பல் தட்டிட்டிருந்தேன். சிகரெட்ட விட்டப்ப வீட்டம்மா அதையும் சேத்துத் தூக்கிப் போட்டாங்க."

கடைக்காரருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. வாழ்நாள் முழுக்கக் கவர் தைத்துச் சாப்பிட்டவர் அவர். ரிமோட்டுக்குக் கவர், கவர் கிழியாமல் இருக்க அதற்கு மேல் பாலித்தீன் என்று வாழ்கிற மனிதர். ஒரு கம்பெனி, பாவம், பார்த்துப் பார்த்து ஒரு கவர் செய்து கொடுத்தால், அதைக் கழற்றிச் சாம்பல் தட்டுகிறான் ஒருவன். இந்தக் கூட்டத்துக்குத் தாளம் நிற்காததில் என்ன ஆச்சரியம்? கிட்டாரை வாங்கினார். வாங்கும்போதே தீர்மானித்துவிட்டார்: கவர் போட்டே தீருவது. அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. மேடை விளக்கு பட்டால் அந்த ஸ்டீல் மூடி பளீரென்று மின்னும். மின்னினால் வீடியோக்காரன் கேமராவைத் திருப்புவான். பாடகரின் முழங்கை என்ன செய்துவிடும்?

வீட்டில் போன் மூலம் பொருள் வாங்கும் இலாகா மனைவியின் கையில் இருந்தது. அந்த அம்மாள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவர். அழுகிற ஆளிடமும் அலறுகிற ஆளிடமும் ஒரே குரலில் "உட்காருங்க" என்று சொல்லிப் பழகியவர். கடைக்காரர் நாலு நாளாக பிரிட்ஜ் கவரைத் தவிர வேறொன்றும் நினைத்திருக்கவில்லை. அவர் உலகத்தில் இப்போது ஒரே ஒரு பிரிட்ஜ்தான் இருந்தது. எனவே முன்னுரை எதுவும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரு பிரிட்ஜ் கவர் ஆர்டர் போடணும்."

அந்த அம்மாள் கையில் இருந்த துவைத்த துணியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டார். சமையலறை மூலையில் வீட்டு பிரிட்ஜ் நின்றிருந்தது. அதன் மண்டை துருப்பிடித்துச் சொறி மாதிரி இருந்தது. ஊர் வண்டிக்கெல்லாம் உறை போடுகிற மனுஷன் இதற்கு ஒரு முழம் துணி தைத்துத் தரக்கூடாதா என்று அவர் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து விட்டுவிட்ட விஷயம் அது.

"நெஜமாவா சொல்றீங்க?"

"பின்ன? பாக்கவே அசிங்கமா இருக்கே, மொட்டையா."

"அதைத்தானே நானும் சொல்லிட்டே இருந்தேன்!"

"நீ எப்போ சொன்ன?" என்றார் கடைக்காரர். ஆனாலும் சந்தோஷம்தான். மனைவிக்குத் தன் வாத்தியத்தில் இவ்வளவு அக்கறை என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"மேல மட்டும் மூடறதா, சைடுலயும் எறங்கறதா?"

"மேலயும் மூடணும், ரெண்டு சைடும் எறங்கணும். சைடுக்கு ஒரு ஸ்க்ரூ."

"கவருக்கு எதுக்குங்க ஸ்க்ரூ?"

"அதிர்வுல நழுவிடும்ல."

"அதுவும் சரிதான். நம்மளது ஓட ஆரம்பிச்சா ஒரே அதிர்வா இருக்கு. பழசுதானே."

"பழசா இருந்தா என்ன? கம்பெனி அயிட்டம்!" என்றார் கடைக்காரர், ரோஷத்தோடு. "உள்ள கம்பி பாத்தியா? ஒரு துளி துரு இல்ல."

"கம்பித் தட்டெல்லாம் நான் வாராவாரம் துடைக்கறேன்ல, எப்படி இருக்கும்?"

தன் கிட்டாரை இவள் எப்போது துடைத்தாள் என்று கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். யோசனை அவருக்கு அதிக நேரம் நிற்காது. "பளபளன்னு இருக்கணும். ஸ்டீல் கலர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த அம்மாள் ஸ்டீல் கலரை அந்த இடத்திலேயே நிராகரித்தார். ஆம்பளைங்களுக்கு என்ன கலர் தெரியும்?

பார்சல் கடைக்கே வந்தது. கடைக்காரர் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடை பஞ்சர் ஒட்டுபவரையும் அழைத்து நிறுத்தி, பிரித்தார். உள்ளேயிருந்து ரோஜாப்பூ போட்ட ஒரு துணி விரிந்துகொண்டே வந்தது. நாலு பக்கமும் கொசுவிய ஓரம். இந்தப் பக்கம் மூன்று பை, அந்தப் பக்கம் மூன்று பை.

பஞ்சர் ஒட்டுபவர் அதைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த கிட்டாரைப் பார்த்தார். "அண்ணே, இதுக்குள்ள கிட்டார் முழுசா போயிடும்போல இருக்கே" என்றார். "பையில நாங்களும் ஏறிக்கலாமா?"

கடைக்காரர் அன்று மதியமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

"இது என்ன?"

"பிரிட்ஜ் கவர்."

"இதா பிரிட்ஜ் கவர்?"

"இல்லாம? வாஷிங் மெஷினுக்கா போடுவாங்க?"

விஷயம் விளங்க இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அந்த அம்மாளின் முகத்தில் ஏதோ ஒன்று விளக்கை அணைத்த மாதிரி மறைந்தது. கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர்தான் முகம் பார்க்கிறவர் இல்லையே. கவரின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தார்.

"தையலா இது? ஓரம் மடிக்கல. பை பூரா ஒத்தத் தையல். இழுத்தா கையோட வந்துடும். பாத்ரூம் திரையைக் கிழிச்சு வித்திருக்கான்."

"கிட்டாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பிரிட்ஜுன்னா பிரிட்ஜுதானே? வீணையில அதுக்குக் குதிரைன்னு பேரு. குதிரைக் கவருன்னு சொல்லியிருந்தா மட்டும் ஒனக்குப் புரிஞ்சிருக்குமா?"

"அப்படிச் சொல்லியிருந்தா சேணம் வந்திருக்கும். வீணாப் போயிருக்காது, உங்களுக்கே போட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு ரோஜாப்பூக் கவரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். அது அன்றே சமையலறை பிரிட்ஜின் தலையில் ஏறியது. ஆறு பையிலும் சீப்பு, கத்தரிக்கோல், கண்ணாடிக் கூடு, பேட்டரி என்று குடியிருப்புகள் வந்தன. கடைக்காரர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்து, "ஒத்தத் தையல்" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பார்.

சரியான பிரிட்ஜ் கவரை அப்புறம் நில புரோக்கரைத் தொந்தரவு செய்து வரவழைத்தார். சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வளைந்த மூடி. முகம் பார்க்கலாம், அவ்வளவு மெருகு. உள்ளே ஒட்டிக்கொள்ளச் சன்னமாக ஒரு துண்டு ஸ்பாஞ்சும் கூடவே வந்தது. கடைக்காரர் மூடியை பிரிட்ஜ் மேல் கவிழ்த்தார். ஸ்க்ரூ துவாரமும் மரத்து ஓட்டையும் ஒரு நெல் அளவு தள்ளி நின்றன.

"அளவெடுக்கத் தெரியாதவனெல்லாம் கம்பெனி வச்சிருக்கான்" என்றார்.

ஆனால் கை வேலை என்று வந்தால் மனிதர் சுத்தம். அதையும் சொல்லிவிட வேண்டும். பல் குத்தும் குச்சிகளை மரப் பசையில் தோய்த்துப் பழைய ஓட்டைகளில் இறுக்கி நட்டார். பசை காய்ந்த பிறகு நீட்டிக்கொண்டிருந்ததைப் பிளேடால் மட்டமாகச் சீவினார். பாலிஷ் சிதறாமல் இருக்க அந்த இடத்தில் காகித டேப்பை ஒட்டி, மூடியை வைத்து, பென்சிலால் புதுப் புள்ளி போட்டார். துளை ஆழமாகப் போய்விடாதபடி டிரில் ஊசியிலும் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் துளைத்தார். ஸ்க்ரூவின் மரையில் சோப்பைத் தேய்த்து மெதுவாக முறுக்கினார். அது வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. தடித்த கம்பி மூடியின் விளிம்பில் லேசாக உரசியது; பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டின் சின்ன ஸ்க்ரூவைத் திருகிக் கம்பியைக் கொஞ்சம் தாழ்த்தியதும் அதுவும் நின்றது.

அத்துடன் விட்டிருந்தால் அவர் வேறு யாரோவாக இருந்திருப்பார். கூடவே வந்த ஸ்பாஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது உடனே படுத்துவிட்டது.

"இது ஸ்பாஞ்சா? குழந்தை உட்கார்ந்தாலே கிழிஞ்சிடும்" என்று குப்பையில் போட்டார். கம்பிக்கும் மூடிக்கும் நடுவே யாரும் உட்காரப் போவதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கனத்த ஆசாமிகளின் மோட்டார் சைக்கிளுக்கென்று ஒரு ரகம் வைத்திருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அமுங்காது என்று உத்தரவாதம் கொடுத்து விற்கும் ரகம். அதில் ஒரு கட்டியை வெட்டி, கறுப்பு ரெக்சின் சுற்றி, ஓரத்தில் கயிறு மாதிரி பைப்பிங் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, குட்டி சீட்டாகவே செய்து மூடிக்குள் அடைத்தார். மூடியை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்க முழங்காலும் தேவைப்பட்டது.

முடித்ததும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தார். இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார். வாசித்துப் பார்த்தாரா என்றால், அதற்கு எங்கே நேரம்?

ஆகவே சவுண்ட் செக்கில், காலி மண்டபத்தில், கம்பியை முதல் தடவை தட்டியபோதுதான் அதைக் கேட்டார்.

'தொப்.'

மூட்டையை இறக்கிவைத்தது மாதிரி. அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் வரவில்லை. இன்னொரு கம்பியைத் தட்டினார். தொப். கடைக்காரர் மூடியின் ஸ்க்ரூவை நகத்தால் திருகிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவர் கடையில் இருக்கிறது. தலைவர் கீபோர்டுக்கு முன்னால் வந்துவிட்டார், தன் இடது கையை வேண்டுமென்றே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு.

"ரெடியா அண்ணே? ஒன், டூ..."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். அவர் விரல்கள் வழக்கமான தவறுகளைத்தான் செய்தன. செய்த வேகத்தில் அந்தத் தவறுகள் செத்தும் போயின. நடு வரியில் தடம் மாறி வேறொரு பாட்டுக்குள் போய்த் திரும்பி வந்தார். அது தாளக்காரர் ஏதோ புதுசாக முயற்சி செய்கிறார் என்று நினைக்கும்படி இருந்தது. பாட்டு முடிந்தது. முடிந்தது என்பதைக் கவனிக்காமல் கடைக்காரர் கடைசியாக ஒன்று தட்டினார். தொப். முற்றுப்புள்ளி வைத்த மாதிரி சரியாக அங்கே விழுந்தது.

மண்டபத்தில் அமைதி. 'ம்ம்ம்ம்' இல்லை. தலைவர் மெதுவாகத் திரும்பினார்.

"அண்ணே, என்ன பண்ணீங்க?"

"அது வந்து... தெரியாம கொஞ்சம் கனமா..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"என்னா சுத்தம் அண்ணே! பொட்டு வச்ச மாதிரி நிக்குது! இத்தனை வருஷமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கடைக்காரர் வாயை மூடினார். ஒரு மோட்டார் சைக்கிள் சீட் துண்டு, அவர் உள்ளங்கை ஆயுளில் கற்றுக்கொள்ளாததை ஒரே நாளில் செய்துவிட்டது. நாணயமான ஆளாக இருந்தால் மூடியைத் திறந்து காட்டியிருப்பார். இவர் தோளைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டார்.

"எல்லாம் பிராக்டீஸ்தான் தம்பி" என்றார். தலைவர் என்ற சொல் அதற்குள் தம்பியாகிவிட்டிருந்தது. "அந்த இடது கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."

அந்தப் பெருமை அரை டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. வீடியோக்காரர் விளக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு மேடையை நோக்கிக் கத்தினார்.

"சார், அந்தச் செவப்பு கிட்டார்ல என்ன டப்பா? லைட்டு அதுல பட்டு நேரா லென்ஸுல அடிக்குது. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் பாதி மூஞ்சி வெள்ளையா வர்றாங்க!"

"ரெண்டு ஸ்க்ரூதானே, கழட்டிட்டா போச்சு" என்று சொல்லிக்கொண்டே தலைவர் கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

கடைக்காரர் கிட்டாரைக் கட்டி அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். "தொடாதீங்க! அது... அது சென்டிமென்ட்."

"என்ன சென்டிமென்ட் அண்ணே, சோப்புடப்பா மேல?"

"கழட்டினா எனக்கு வாசிக்க வராது!"

அவர் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான். தலைவர் அதைக் கலைஞனின் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டார். "சரி, கழட்ட வேணாம். எதையாவது போட்டு மூடிட்டு வாங்க. நீங்கதான் கவர் ஸ்பெஷலிஸ்ட்டாச்சே. சாயங்காலம் அந்தப் பளபளப்பு தெரிஞ்சா நானே கழட்டிடுவேன்."

கடைக்கு ஓடினார். கறுப்பு ரெக்சினை எடுத்து மூடி மேல் போட்டு விளக்கில் பிடித்தார். மின்னியது. பழுப்பு, அதுவும் மின்னியது. நீலம், மூடியையே தோற்கடித்தது. மின்னாத ரெக்சினை எவன் வாங்குவான் என்று அவரே எத்தனையோ சேல்ஸ்மேன்களைக் கேலி செய்து துரத்தியிருக்கிறார். சுவர் முழுக்கச் சுருள் சுருளாக நின்று அத்தனையும் இப்போது அவரைப் பார்த்து இளித்தன. வெளிச்சத்தை விழுங்குகிற, மங்கலான, மலிவான ஒரு துணி வேண்டும். அப்படி ஒன்று அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

அந்த அம்மாள் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் கிட்டாரோடு சமையலறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். ஸ்பாஞ்ச் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் கழற்ற முடியாத காரணம் விளங்காது. கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் டீயை வடிகட்டி முடித்தார்.

"அப்ப வாசிக்கறது நீங்க இல்ல. சீட்டு."

"யாருக்கும் சொல்லிடாதே."

"யாரு கேக்கப் போறாங்க? சரி, எந்தத் துணி வேணும்?"

கடைக்காரர் பிரிட்ஜின் தலையைப் பார்த்தார்.

"அதுவா? அது பாத்ரூம் திரையாச்சே."

"ஏம்மா, நேரமாகுது..."

"தையல் எப்படின்னு சொன்னீங்க?"

ஊரில் ஒருவன் தையலையும் ஒத்துக்கொண்டதில்லை அவர். தொழில் சொல்லிக்கொடுத்தவருடைய தையலையே கோணல் என்று சொல்லிவிட்டுத் தனிக் கடை போட்டவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வேனின் மறைவில் ஆடிய ஐந்து விரல்கள் கண்முன் வந்தன.

"நல்ல தையல்" என்றார்.

"கேக்கல."

"நல்ல தையல்தான். உழைக்கும்."

"பூ?"

"பூவும்... லட்சணமாத்தான் இருக்கு."

"நம்ம பிரிட்ஜுக்கு?"

"நம்ம பிரிட்ஜுக்கு எடுப்பா இருக்கு. போதுமா?"

அந்த அம்மாள் பேட்டரி வைத்திருந்த பையைக் காலி செய்து, அதன் ஓரத்தைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். பை அப்படியே கையோடு வந்தது. "ஒத்தத் தையல்" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி. அதைக் கிட்டாரின் ஸ்டீல் மூடி மேல் மாட்டினார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பின்னால் இரண்டு ஊக்கைக் குத்தி அனுப்பிவைத்தார்.

அன்று மாலை கடைக்காரர் மேடையில் நின்றார். தொப் தொப் என்று வாசித்தார். வேன் திரும்பி வரும்போது தலைவர் அவருக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். ஒரு ஸ்பீக்கர் காலடியில் போனது. அடுத்த நிகழ்ச்சிக்கும் அழைப்பு உறுதி. தாளக்காரர் மட்டும், "அண்ணே, அந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். "புரிஞ்சவங்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் அந்த ரிசப்ஷன் வீடியோ தலைவர் மூலமாக வந்தது. கடைக்காரர் டி.வி.யில் போட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வந்தார், பெண் வந்தார், யார் யாரோ வந்து கை குலுக்கினார்கள். பிறகு மேடை. பாடகர் ஒரு கையில் மைக்கைப் பிடித்து, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தார்.

"அதோ!" என்று அந்த அம்மாள், ரோஜாப்பூக் கவரில் பை பிய்ந்த இடத்தைத் தைக்க ஊசி நூலோடு நின்றபடி சமையலறையிலிருந்து கத்தினார். "நம்ம பிரிட்ஜ் கவர்! எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க. ரோஜா ஒவ்வொண்ணும் எண்ணலாம்போல இருக்கே!"

கடைக்காரர் திரையருகே போய்க் குனிந்து தேடினார். "நான் எங்க?"

"முழங்கைக்குப் பின்னாடி பாருங்க."

பார்த்தார். இந்தத் தடவை காதுகூடத் தெரியவில்லை.